ஆற்றைத் தேடி வந்த ஆலைகள், ஊரைவிட்டுப் போன பிள்ளைகள்



நம் பழைய மாணவர் குழுவில் இரண்டு வாரமாக ஒரே வாக்குவாதம். "கங்கைகொண்டானில் சோலார் கம்பெனி வந்தாச்சு, இனிமே நம்ம பிள்ளைக மெட்ராஸுக்கு ஓட வேண்டாம்" என்பது ஒரு கட்சி. "வேலை வரும், தண்ணி போயிரும்" என்பது இன்னொரு கட்சி. நடுவில் ஒருவன் "சார், நீங்க என்ன சொல்லுதிய?" என்று என்னையும் உள்ளே இழுத்துவிட்டான்.

வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாற்றில் இருந்துதானே பதில் வரும். பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாக வாசியுங்கள்.

தாமிரபரணிக் கரைக்குத் தொழிற்சாலை வருவது புதிய சங்கதி இல்லை. ஏறத்தாழ 140 வருஷமாக வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முடிந்தது. நான் எல்லாவற்றையும் மூன்று கேள்வி வைத்துப் பார்ப்பது வழக்கம். எதற்காக இங்கே வந்தார்கள்? என்ன பேச்சில் வந்தார்கள்? நாளைக்கு அவர்கள் போனால் ஊருக்கு என்ன மிஞ்சும்? இதில் மூன்றாவது கேள்வியைத் திறப்பு விழா அன்றைக்கு யாரும் கேட்பதில்லை. அதனால்தான் அதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஆலைகளுக்கு முந்தைய நிலைமை. பொதிகையில் பிறந்து புன்னக்காயல் பக்கம் கடலில் சேரும்வரை நம் ஆறு ஓடுவது சுமார் 128 கிலோமீட்டர்தான். அதற்குள் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். வகுப்பில் ஒப்பிக்கச் சொன்னது நினைவிருக்கும். கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம்தான் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முன்னமே இருந்தவை. ஏறத்தாழ 86,000 ஏக்கர் இந்த ஆற்றுப் பாசனத்தில் விளைகிறது. காரும் பிசானமும் என்று இரண்டு பூ நெல். வயல் வேலைதான் அந்தக் காலத்து வேலைவாய்ப்பு. கூடவே பத்தமடைப் பாய், வீரவநல்லூர் தறி, கல்லிடைக்குறிச்சி அப்பளம் என்று ஊருக்கொரு கைத்தொழில்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நஞ்சை நிலம் சிலர் கையில் இருந்தது. நிலம் இல்லாதவர்கள் தூத்துக்குடியில் தோணியும் கப்பலும் ஏறி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்கள். ஊரைவிட்டுப் பிழைக்கப் போவது சென்னை ஐ.டி. கம்பெனியோடு ஆரம்பித்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆற்றுக்கு வடக்கே கரிசல் காடு. அங்கே பருத்தி. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது இங்கிலாந்து மில்களுக்கு அமெரிக்கப் பஞ்சு வரவில்லை. இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. திருநெல்வேலிப் பருத்தி தூத்துக்குடி வழியாகக் கப்பல் ஏறியது. அதற்கு முன்பே, 1843-ல், சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்து ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்ட வைத்ததால் நெல்லையும் பாளையும் சேர்ந்துவிட்டன. 1876-ல் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் ரயில் வந்துவிட்டது. ஆக, சரக்கு இருந்தது, பாதை இருந்தது, துறைமுகம் இருந்தது. மில் வருவதற்கு வேண்டிய எல்லாம் தயாராக இருந்தன, ஒன்றைத் தவிர. மில்லை ஓட்ட ஆற்றல் வேண்டும். நிலக்கரி இந்தப் பக்கம் கிடையாது.

இந்த இடத்தில்தான் ஹார்வி சகோதரர்கள் வருகிறார்கள். ஆண்ட்ரூ, ஃபிராங்க் என்ற இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்கள். 1880-களில் திருநெல்வேலி மில்ஸ் என்ற நூற்பாலையை அவர்கள் தொடங்கிய இடம் பாபநாசம் மலையடிவாரம், இன்றைய விக்கிரமசிங்கபுரம். யோசித்துப் பாருங்கள். பருத்தி கிழக்கே, துறைமுகம் கிழக்கே, ரயில் திருநெல்வேலியோடு நின்றுவிட்டது. அம்பாசமுத்திரம் வழியாகக் கொல்லம் போகும் பாதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. அதுவரை பஞ்சுப் பொதியும் நூல் பேலும் மாட்டு வண்டியில்தான் போய்வர வேண்டும். இருந்தும் அவர்கள் மலையடிவாரத்தில் போய் ஆலை வைத்தார்கள் என்றால், அங்கே ஆறு விழுகிறது. விழும் தண்ணீரைக் குழாயில் இறக்கிச் சக்கரத்தைச் சுற்றினால் கரி வாங்க வேண்டாம். தண்ணீர் சக்கரத்தைச் சுற்றிவிட்டுத் திரும்ப ஆற்றுக்கே போய்விடும்; கீழே இருக்கும் வயலுக்கும் நட்டமில்லை.

முதல் கேள்விக்கு இது நல்ல பதில். வேறு எங்கும் எடுத்துக்கொண்டு போக முடியாத ஒன்று நம்மிடம் இருந்தது. அதைத் தேடித் தொழில் வந்தது.

விக்கிரமசிங்கபுரம் அந்த மில்லால் வளர்ந்த ஊர். சுற்று வட்டாரத்தில் கடிகாரம் இல்லாத வீடுகள்கூட மில் சங்கை வைத்து அடுப்பு மூட்டியதை எங்கள் தலைமுறை பார்த்திருக்கிறது. மழை பெய்தால்தான் கூலி என்று இருந்த வட்டாரத்தில், மாசம் பிறந்தால் சம்பளம் என்ற ஒரு புதுப் பழக்கம் வந்தது. சம்பளத் தேதியை வைத்து மளிகைக் கடைக்காரர் கடன் கொடுத்தார். "மாப்பிள்ளை மில்லுல இருக்காரு" என்றால் பெண் வீட்டில் அடுத்த பேச்சு தேதி பார்ப்பதுதான். என் உறவில் ஒரு பெரியப்பா அங்கே இருந்தார். அவர் பிள்ளைகள் மூன்று பேரும் படித்து அரசு வேலைக்குப் போனார்கள். வயலில் கூலிக்குப் போன அவர் அண்ணன் வீட்டில் ஒருவர்கூடப் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. நிரந்தரச் சம்பளம் என்ன செய்யும் என்பதற்கு எங்கள் குடும்பமே உதாரணம்.

ஆனால் அந்தச் சம்பளமும் மரியாதையும் தானாக வந்துவிடவில்லை. 1888-ல் ஹார்வி கம்பெனி தூத்துக்குடியில் கோரல் மில்லை ஆரம்பித்தது. 1908 பிப்ரவரி 27 அன்று அந்த மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னே நின்றார்கள். கூலி உயர்வு, ஞாயிறு விடுமுறை, வேலை நேரம் என்பவை கோரிக்கைகள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. அடுத்த வாரமே தலைவர்கள் கைதாகி, மார்ச் 13-ல் திருநெல்வேலியில் கலவரம் நடந்தது உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். பாடத்தில் அதைச் சுதந்திரப் போராட்டம் என்று படித்தோம். அது வேலைவாய்ப்பின் வரலாறும்கூட. வேலை கொடுப்பவர் வந்தால் மட்டும் போதாது, வேலை பார்ப்பவருக்காகப் பேச ஆள் வேண்டும் என்பது இந்த ஆற்றங்கரையில் அன்றைக்கே தெரிந்துவிட்டது.

1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. இது ஒரு பெரிய திருப்பம். அதுவரை தண்ணீர் இருக்கும் இடத்துக்கு ஆலை வந்தது. இனி கம்பி போகும் இடமெல்லாம் ஆலை வைக்கலாம். நம் அருவியின் ஆற்றல் மதுரைப் பக்கம்வரை போனது. நாட்டுக்கு நல்லதுதான். ஆனால் நம் பள்ளத்தாக்கிடம் மட்டும் இருந்த ஒரு பிடிமானம் அன்றோடு போயிற்று. பாபநாசம் மில் பிறகு மதுரை மில்லோடு சேர்ந்து, 1974-ல் மதுரா கோட்ஸ் ஆகி, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது மலைக்கு மேலே போவோம். மாஞ்சோலை.

1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் காட்டை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட்டுகள். தேயிலை வைத்தார்கள். கங்காணிகள் மூலம் கீழே இருந்தும் கேரளப் பக்கம் இருந்தும் ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். காட்டை வெட்டித் தோட்டமாக்கியது அவர்கள் கை. நான்கு தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்தது.

ஜமீன் ஒழிந்தது, நிலம் அரசுக்கு வந்தது, குத்தகை மட்டும் தொடர்ந்தது. பிறகு 1988-ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வந்தது. இத்தனை மாற்றத்திலும் தொழிலாளிக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. வேலை கம்பெனியுடையது, இருக்கும் லயன் வீடு கம்பெனியுடையது, நிலம் குத்தகை. மூன்றும் அவர் கையில் இல்லை.

1999-ல் கூலி உயர்வு கேட்டார்கள். ஜூலை 23 அன்று கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தபோது போலீஸ் தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் விரட்டப்பட்டதில் 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. வருஷா வருஷம் அந்த நாளில் ஆற்றில் பூப் போடுகிறார்கள். பாலத்தைக் கடக்கும்போது நம்மில் எத்தனை பேர் அதை நினைக்கிறோம்?

குத்தகை 2028-ல் முடிய வேண்டும். அதற்கு நான்கு வருஷம் முன்பே, 2024-ல், கம்பெனி வேலையை நிறுத்தி, தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து, வீட்டைக் காலி செய்யச் சொன்னது. தொழிலாளர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். காடு காடாகத் திரும்ப வேண்டும் என்பதிலும் நியாயம் இருக்கிறது. மணிமுத்தாறுக்குத் தண்ணீர் அங்கே இருந்துதான் வருகிறது. ஆனால் நான்கு தலைமுறை உழைத்தவன் அறுபது வயதில் மலையிறங்கி, கீழே வாடகை வீடு தேடும் நிலைமைக்கு யார் பொறுப்பு? 1929-ல் அந்தப் பத்திரத்தை எழுதியபோது "99 வருஷம் கழித்து இந்த ஆட்களுக்கு என்ன?" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஜமீனுக்கும் கம்பெனிக்கும் நடுவில் எழுதிய பத்திரத்தில் மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லை. என் மூன்றாவது கேள்வி பிறந்தது மாஞ்சோலையில்தான்.

மலையை விட்டு இறங்கி, திருநெல்வேலிக்கு வடக்கே தாழையூத்துக்கு வாருங்கள். அங்கே கதை வேறு.

கல்லிடைக்குறிச்சிக்காரர்கள் வங்கித் தொழிலில் பெயர் எடுத்தவர்கள். அந்த ஊர் எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசுவாமியும் சேர்ந்து 1946-ல் இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1949-ல் தாழையூத்து ஆலை ஓடத் தொடங்கியது. காரணம், அங்கே பூமிக்கு அடியில் சுண்ணாம்புக்கல். அதுவும் இடம் பெயராத சொத்துதான். ஆனால் பாபநாசத்துக்கும் தாழையூத்துக்கும் ஒரு வித்தியாசம். இங்கே முதல் போட்டவர்களும் இந்த ஆற்றுத் தண்ணீர் குடித்தவர்கள்.

ஆலையைச் சுற்றிச் சங்கர் நகர் என்று ஊரே உருவானது. பள்ளிக்கூடம் வந்தது. பிறகு பாலிடெக்னிக் வந்தது. என்னிடம் படித்துவிட்டு அந்தச் சங்கர் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர்கள் இதை வாசிக்கும் உங்களிலேயே சிலர் இருக்கிறீர்கள். ஒருவர் இப்போது மஸ்கட்டில், ஒருவர் ஓசூரில், ஒருவர் நம் ஊரிலேயே ஒர்க்‌ஷாப் வைத்து நாலு பேருக்கு வேலை கொடுக்கிறார். சிமெண்ட் ஆலையில் ஒரு நாள்கூட வேலை பார்க்காதவர்கள் இவர்கள். ஆலை வந்ததால் வந்த படிப்பு அவர்களை வளர்த்தது. 2024 கடைசியில் இந்தியா சிமெண்ட்ஸ் அல்ட்ராடெக் கைக்குப் போய்விட்டது. கம்பெனியின் முதலாளி மாறினாலும் அந்த டிப்ளமோவை யாரும் திரும்ப வாங்க முடியாது. மிஞ்சுவது என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆலைக் கணக்கில் வராத ஒரு தொழிலையும் சொல்லாமல் போனால் நம் வட்டாரத்துப் பெண்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். பீடி. முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம், மேலப்பாளையம் என்று தெருத் தெருவாகப் பீடி சுற்றினார்கள். இலை வட இந்தியக் காட்டில் இருந்து வரும், தூள் வேறு எங்கோ இருந்து வரும். பீடிக்கடையில் எடைபோட்டு வாங்கி வந்து, திண்ணையில் தட்டை மடியில் வைத்து, ஆயிரம் பீடி சுற்றி, கட்டுக்கட்டி ஒப்படைத்தால் கூலி. இந்தத் தொழில் இங்கே வந்ததற்கு அருவியும் காரணம் இல்லை, சுண்ணாம்புக்கல்லும் காரணம் இல்லை. வீட்டைவிட்டு வெளியே போக முடியாத, வேறு வேலை கிடைக்காத பெண்களின் விரல்தான் காரணம். அது சீக்கிரம் சுற்றும், குறைந்த கூலிக்குச் சுற்றும்.

1966-ல் பீடித் தொழிலாளர் சட்டமும், அதற்குப் பின் நலநிதியும் வந்தன. பி.எஃப். புத்தகம் வந்தது. முக்கூடலில் பீடித் தொழிலாளர் மருத்துவமனை வந்தது. நலநிதியில் இருந்து பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை வந்தது. ஜூன் மாதம் அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துக்காக என் மேஜை முன்னால் வரிசை நிற்கும். அம்மாவின் பீடி அட்டையைக் கொண்டுவந்து காட்டுவார்கள். தூளின் வாசம் அந்த அட்டையிலேயே இருக்கும். உங்களில் எத்தனை பேருடைய இன்ஜினியரிங் ஃபீஸ் அந்த விரல்களில் இருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இருமலும் முதுகு வலியும் அம்மாவுக்கு, டிகிரி பிள்ளைக்கு. இது நம் பள்ளத்தாக்கின் மிகப் பெரிய முதலீடு. எந்த அறிவிப்புப் பலகையிலும் இது இல்லை.

அப்படிப் படித்த பிள்ளைகள் எங்கே போனார்கள்? அடுத்த கதை அதுதான்.

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தோம். செயின்ட் ஜான்ஸ், இந்துக் கல்லூரி, சாராள் தக்கர், 1923-ல் செயின்ட் சேவியர்ஸ், 1965-ல் மருத்துவக் கல்லூரி, 1981-ல் அரசு பொறியியல் கல்லூரி, 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். படிப்புக்குக் குறைவே இல்லை. வேலைக்குத்தான் இடமில்லை. 1974-ல் பெரிய துறைமுகமான தூத்துக்குடியில் ஸ்பிக் வந்தது, அனல்மின் நிலையம் வந்தது. 1986-ல் மாவட்டம் பிரிந்தபோது அவையெல்லாம் அந்தப் பக்கம் போயின. தண்ணீர் மட்டும் இந்த ஆற்றில் இருந்து போனது. ஸ்ரீவைகுண்டத்தில் இருந்து நாளொன்றுக்கு இரண்டு கோடி கேலன் எடுக்கும் திட்டம் தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்காகப் போட்டது. கடைமடை விவசாயிகள் அதை எதிர்த்து இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நாம் படித்துவிட்டுக் கிளம்பினோம். அண்ணாச்சிகள் சென்னையில் மளிகைக் கடை வைத்தார்கள். தாராவியில் திருநெல்வேலித் தெருக்களே உண்டு. பிறகு வளைகுடா, பெங்களூர், அமெரிக்கா. என்னிடம் பழைய வருகைப் பதிவேடு ஒன்றின் நகல் இருக்கிறது. 42 பெயர். போன பொங்கலுக்கு உட்கார்ந்து எண்ணினேன். திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களுக்குள் இருப்பவர்கள் 11 பேர். மற்றவர்களை ஊரில் பார்க்க வேண்டும் என்றால் தீபாவளிக்கு வர வேண்டும், இல்லையென்றால் துக்க வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஜங்ஷனில் போய் நெல்லை எக்ஸ்பிரஸைப் பாருங்கள். முறுக்கு, அல்வா, அம்மா கொடுத்த இட்லிப்பொடி, அரிசிப் பையோடு ஊரே ஏறிப் போகும். பெற்றவர்கள் ஊரில் தனியாக இருக்கிறார்கள். வீடு இருக்கிறது, ஆள் இல்லை.

அதனால்தான் "கம்பெனி வரட்டும்" என்ற கட்சியை நான் கேலி செய்ய மாட்டேன். அவர்கள் கேட்பது லாபத்தை அல்ல. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தன் பிள்ளை தன் வீட்டில் இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

அரசும் சும்மா இருக்கவில்லை. இடம் எடுத்து, ரோடு போட்டு, கரண்ட் கொடுத்து "வாருங்கள்" என்று அழைத்தது. அதில் இரண்டு கதை. ஒன்று நாங்குநேரி. ஏறத்தாழ 2,500 ஏக்கரில் தொழில்நுட்பப் பூங்கா, சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று அறிவித்தார்கள். தேர்தல்தோறும் அதைப் பற்றிப் பேசினார்கள். கன்னியாகுமரி ரோட்டில் போகும்போது பார்த்திருப்பீர்கள், வளைவும் வேலியும் இருக்கின்றன, நினைத்த அளவுக்குக் கம்பெனி வரவில்லை. இடம் கொடுத்தால் தொழில் வந்துவிடும் என்ற கணக்கு அங்கே பலிக்கவில்லை. நிலம் எல்லா ஊரிலும் இருக்கிறது. நம்மிடம் மட்டும் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தால்தான் ஒருவன் வருவான்.

இன்னொன்று கங்கைகொண்டான். சிப்காட் வளாகம், சுமார் 2,000 ஏக்கர். நகரத்தில் இருந்து பதினைந்து கிலோமீட்டர் சுமார், நான்கு வழிச்சாலை ஓரம், ரயில் பக்கத்தில், துறைமுகம் பக்கத்தில். இதுவும் பல வருஷம் மெதுவாகத்தான் நடந்தது. 2009 வாக்கில் டயர் தொழிற்சாலை வந்தது. குளிர்பானக் கம்பெனி வந்தபோது ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஆற்றில் இருந்து ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்கு எடுத்து, பாட்டிலில் அடைத்து விற்பதா என்று கேள்வி எழுந்தது. 2016 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது. 2017 மார்ச்சில் அந்தத் தடை நீங்கியது. சட்டப்படி அது முடிந்தது. ஆனால் ஊர்க்காரன் மனதில் இருப்பது எளிய கணக்கு. பாபநாசம் மில் தண்ணீரைச் சுற்றிவிட்டு ஆற்றில் விட்டது. இது எடுத்துக்கொண்டு போகிறது. இரண்டையும் ஒரே "தொழில் வளர்ச்சி" என்ற சொல்லில் கட்டக் கூடாது.

2025 பிப்ரவரியில் அங்கே டாடா பவரின் சோலார் ஆலையை முதலமைச்சர் திறந்து வைத்தார். 4.3 ஜிகாவாட் அளவுக்குச் சோலார் செல்லும் பேனலும் செய்யும் ஆலை. முதலீடு சுமார் 3,800 கோடி ரூபாய். வேலை பார்ப்பவர்களில் பெரும் பங்கு பெண்கள். அதே நாளில் விக்ரம் சோலார் ஆலைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. விடியற்காலை நடைப்பயிற்சிக்குப் போகும்போது கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்பிள்ளைகளைப் பார்க்கிறேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை. "சார், குட் மார்னிங்" என்று ஒருத்தி சொன்னாள். அவள் அம்மா என்னிடம் படித்தவள், எட்டாம் வகுப்போடு பீடிக்கு உட்கார்ந்தவள். திண்ணையில் இருந்து பஸ் ஸ்டாப்புக்கு வர ஒரு தலைமுறை ஆகியிருக்கிறது. ராத்திரி அந்தப் பிள்ளை அம்மா கையால் சாப்பிடுகிறாள். சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தோடுதான் மூன்றாவது கேள்வியையும் கேட்கிறேன். செல் செய்யும் இயந்திரத்தைப் பிரித்து மாட்டவும் பழுது பார்க்கவும் அவளுக்குக் கற்றுக் கொடுப்பார்களா, அல்லது பத்து வருஷமும் ஒரே இடத்தில் நின்று ஒரே வேலையா? நாளைக்குச் சீனத்துப் பேனல் விலை குறைந்து ஆலை தடுமாறினால் அவள் கையில் என்ன இருக்கும்?

கடைசியாக ஒரு சின்ன ஊர். தென்காசி பக்கம் மத்தளம்பாறை. 2011-ல், அது நம் மாவட்டமாக இருந்த காலத்தில், ஸோஹோ கம்பெனி அங்கே ஒரு சிறு அலுவலகம் திறந்தது. கொஞ்சம் பேரோடு ஆரம்பித்தது. 2019-ல் அதன் தலைவர் ஸ்ரீதர் வேம்பு அங்கேயே குடிவந்தார். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்து, தாங்களே பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கும் பள்ளி ஒன்றையும் நடத்துகிறார்கள். எல்லா ஊருக்கும் இப்படி ஒருவர் வருவார் என்று காத்திருக்க முடியாது. ஆனால் வரலாற்று வாத்தியாராக எனக்கு அதில் ஒரு செய்தி தெரிகிறது. அருவிக்காக ஒருவர் வந்தார், சுண்ணாம்புக்கல்லுக்காக ஒருவர் வந்தார், கூலி குறைவு என்று ஒருவர் வந்தார். படித்த பிள்ளைகள் இங்கேயே கிடைப்பார்கள் என்று நம்பி வந்தது இது. நூறு வருஷமாக ரயிலேற்றி அனுப்பிய சரக்கைத் தேடி, சரக்கு விளையும் இடத்துக்கே வாங்குகிறவன் வந்திருக்கிறான்.

ஆக, குழுவில் கேட்ட கேள்விக்கு என் பதில்.

கம்பெனி வரட்டும். கட்டாயம் வரட்டும். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஊர் சில விஷயங்களைக் கேட்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் எடுப்பீர்கள், எவ்வளவு திரும்ப விடுவீர்கள், அதை ஊராட்சிப் பலகையில் எழுதி வைப்பீர்களா? எங்கள் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு என்ன தொழில் கற்றுக் கொடுப்பீர்கள்? தொழிலாளி தன் சொந்த ஊரில், தன் சொந்த வீட்டில் இருந்து வந்துபோகப் பஸ்ஸும் பாசஞ்சர் ரயிலும் இருக்குமா? வேலை, வீடு, நிலம் மூன்றும் ஒரே முதலாளி கையில் இருந்தால் என்ன ஆகும் என்று மாஞ்சோலை நமக்குச் சொல்லிவிட்டது. நீங்கள் போகிற நாளில் எங்களுக்கு என்ன விட்டுவிட்டுப் போவீர்கள்? பாலிடெக்னிக்கா, பூட்டிய கேட்டா?

இதைக் கேட்பவனைத் தொழிலுக்கு எதிரி என்று சொல்லாதீர்கள். பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டில் நாலு விஷயம் விசாரிக்காமலா கொடுக்கிறோம்? விசாரிப்பவனுக்குத்தான் அந்தக் கல்யாணம் நன்றாக நடக்க வேண்டும் என்ற அக்கறை இருக்கிறது.

வெளியூரில், வெளிநாட்டில் நல்ல நிலைமையில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கம்பெனியில் கிளை திறக்கும் பேச்சு வந்தால், திருநெல்வேலி என்ற பெயரை ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அருவியைக் காட்டி அழைக்க வேண்டாம். உங்களையே காட்டி அழையுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்கள் வீட்டில் மில்லில் இருந்தவர், எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர், சிமெண்ட் ஆலையில் இருந்தவர், பீடி சுற்றியவர் யாராவது இருந்தால், அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு இதன் கீழே எழுதுங்கள். முதல் சம்பளம் எவ்வளவு, அதில் என்ன வாங்கினார்கள், அந்த வேலை முடிந்தபோது கையில் என்ன மிஞ்சியது? அதுதான் இந்த ஆற்றங்கரையின் உண்மையான தொழில் வரலாறு. அந்தத் தலைமுறை இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வோம்.

எல்லோரும் நலமாக இருங்கள். அம்மா அப்பாவுக்கு இன்றைக்கு ஒரு போன் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்